தோட்டத்து மண்டபத்தில் ஒரு வினாவிடை இரவு

கொழும்பிலிருந்து ரயிலில் வரும்போது றொசல்லைக்கு முந்திய நிலையம் எது? பாதிப் பேர் வட்டவளை என்பார்கள். சரியான விடை இஹல வட்டவளை. நாள்தோறும் ரயில் சத்தம் கேட்டு எழும்பும் ஆட்களே தடுமாறுகிற கேள்வி இது. விடையைச் சொன்னதும் "அட, தெரிஞ்சதுதானே" என்று மண்டபமே சிரிக்கும். வினாவிடை இரவுக்கு நல்ல கேள்வி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவருக்கும் தெரியாத கேள்வியைக் கேட்டு, கேட்டவர் மட்டும் பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது?

எங்கள் பக்கத் தோட்டங்களில் இளைஞர்களோடு சேர்ந்து இப்படியான இரவுகளுக்குக் கேள்வி தொகுத்து வருகிறேன். வன்னியிலோ புலம்பெயர் நாடுகளிலோ நடத்த நினைப்பவர்களுக்கும் இந்த முறை உதவலாம்.

பிரித்தானியாவில் 1970களில், ஆள் குறைந்த இரவுகளை நிரப்ப மதுச்சாலைகள் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. அதற்கு முன்பே, 1967இல், கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் தேவாலய மண்டபம் ஒன்றில் பகிரங்க வினாடி வினா நடத்தியிருக்கிறார். தோட்டத்துச் சனிக்கிழமை இரவில் தவறணைக்கு நாம் ஆள் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுடையது தேநீரோடு நடப்பது.

முதலில் நாள். வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன், ஜூலையில் வைத்தால் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் கேள்வியே கேட்காது. பெப்ரவரி, மார்ச் நல்லது. பரீட்சைக் காலத்தையும் கோயில் திருவிழாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வேலை இல்லாததால் சனிக்கிழமை இரவே பொருத்தம்.

நேரம்தான் சிக்கல். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கும்போது பெண்களுக்கு ஏழு மணி தாண்டிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கினால் மண்டபத்தில் ஆண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் இருப்பார்கள். அன்றைக்கு ரொட்டியும் சம்பலும் மண்டபத்திலேயே, அதுவும் இளைஞர்கள் கையால் செய்யப்பட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஏழுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடலாம்.

குழுவுக்கு ஆறு பேர். மலையில் வேலை செய்பவர் இருவர், அறுபது தாண்டிய ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கட்டாயம். உயர்தரம் படித்தவர்கள் எல்லாரும் ஒரே குழுவில் சேர்ந்தால் போட்டி முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். கலந்து உட்கார்ந்தால் வேறு மாதிரி நடக்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குப் பச்சைக் கொழுந்து எவ்வளவு தேவை என்று கேட்டால் (ஏறக்குறைய நாலரைக் கிலோ), பேத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாயியின் முகத்தைப் பார்ப்பாள்.

இனி கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும். "இலங்கையில் தேயிலை எப்போது வந்தது?" என்பது சண்டையில் முடியும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டது வர்த்தகத் தேயிலையின் தொடக்கம். ஆனால் பேராதனைத் தோட்டத்துக்குத் தேயிலைச் செடி அதற்கு முன்பே, 1824இல், வந்துவிட்டது. ஆகவே "வர்த்தக நோக்கில்" என்று சேர்க்க வேண்டும். டெய்லரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த 19 ஏக்கரிலும் குழி வெட்டியவர்களின் பெயரைக் கேள்வியாக்க எங்களிடம் விடை இல்லை.

அதேபோல, "எங்கள் உரிமை எப்போது பறிபோனது?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. குடியுரிமை போனது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால். வாக்குரிமை போனது 1949இல். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எத்தனை பேர் பாராளுமன்றம் போனார்கள் என்பதை இவற்றுக்கு முன்னால் வைத்தால் (ஏழு பேர்), அடுத்த இரண்டு கேள்விகளும் ஏன் வருகின்றன என்று பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும். வாஸ்கோடகாமாவின் பயண ஆண்டைச் சொல்லும் பிள்ளை இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் குற்றமல்ல.

எல்லாமே சரித்திரமாக இருந்தால் மண்டபம் பரீட்சை மண்டபமாகிவிடும். சினிமாப் பாட்டு, கிரிக்கெட், கவ்வாத்து, சமையல் எல்லாம் வேண்டும். எட்டுக் கேள்வியில் மூன்று எல்லாருக்கும் தெரிந்தவை, மூன்று பாதிப் பேருக்கு, இரண்டு கடினமானவை. இப்படி ஐந்து சுற்று.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் கேட்கலாம். சாவைப் புள்ளிக்குக் கேட்கக் கூடாது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் ஏராளம். காந்தியம் அமைப்பு குடியமர்த்தியவர்களும் அவர்களில் உண்டு. யுத்தம் அவர்களை அங்கேயும் விடவில்லை. அப்படி உறவை இழந்தவர் எந்த மேசையில் இருக்கிறார் என்பது கேள்வி வாசிப்பவருக்குத் தெரியாது. "எத்தனை பேர் கொல்லப்பட்டனர்?" என்று கேட்டு, முப்பது விநாடி கழித்து மணி அடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக மௌனமாக இருக்க வேண்டும் என்றில்லை. மூன்றாம் சுற்று முடிந்து தேநீர் வரும்போது, புள்ளி இல்லாத ஒரு கேள்வியை வைக்கிறோம். உங்கள் குடும்பத்தில் யார் எந்த ஊருக்குப் போனார்கள்? விரும்பியவர் சொல்லலாம். கூடலூர், கோத்தகிரி, வவுனியா, கிளிநொச்சி என்று ஊர்கள் வரும். சிலர் ஊரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மேலும் கேட்கக் கூடாது. சொன்னவர் சம்மதித்தால் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறோம்.

மற்றவை சின்ன வேலைகள். கைபேசிகள் மேசை நடுவே ஒரு சுளகில் கவிழ்ந்து கிடக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை, அவசரமில்லாமல் வாசிக்க வேண்டும். விடைத்தாளைப் பக்கத்து மேசை திருத்தட்டும். புள்ளிகளைக் கரும்பலகையில் எல்லாரும் பார்க்க எழுதுங்கள். தர்க்கம் வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரே ஆள், அவரிடம் விடைகளின் ஆதாரம் எழுத்தில். மின்சாரம் போகும், டோர்ச் வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களை முன்வரிசையில் இருத்திப் பொன்னாடை போர்த்தத் தொடங்கினால் கேள்விக்கு நேரம் கிடைக்காது. அவர்களும் ஒரு குழுவில் உட்காரட்டும். பரிசு காசாக வேண்டாம், அப்பியாசக் கொப்பிக் கட்டு போதும்.

சமநிலை வந்தால் ஓர் எண் கேள்வி, நெருங்கி வருபவருக்கு வெற்றி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டியிருந்தது எத்தனை பேரை? பெரும்பாலும் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எழுதுவார்கள். விடை 5,25,000.