மூளையில் மொழி உறையும் இடம்

மக்கட் பிறவியை ஏனைய பிறவிகளினின்றும் பிரித்துக் காட்டுவன பலவற்றுள் வாக்கே தலையாயது. கண்ணிழந்தவர் விரலால் தடவி நூல் பயில்வர். கையிழந்தவர் காலால் எழுதவும் கற்பர். சொல்லிழந்தவரோ தம் மனைவி மக்களிடத்தும் அயலார் போல நிற்க நேரும். இச்சொல் நாவிற் பிறப்பதாக நாம் எண்ணுகின்றோமாயினும், நா ஏவலாளே, ஏவுவது மூளையாம். அம்மூளையின்கண் ஒரு கட்டி தோன்றி, அதனை அறுத்தெடுத்தாலன்றி உயிர் நில்லாதென்னும் நிலை வருமாயின், சத்திர வைத்தியர் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். கட்டி எங்கே உள்ளது என்பது ஒன்று. இந்நோயாளியின் சொல் எங்கே உறைகின்றது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை படத்தில் எளிதிற் புலப்படும். பின்னதற்கு விடை காணும் முறையையே இக்கட்டுரையில் விளக்கப் புகுந்தோம்.

பொருள் எளிதில் விளங்குதற்பொருட்டு ஜவ்வாது மலையில் வாழும் உழவர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வேலூருக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய்ப் பரந்து கிடக்கும் இம்மலையில் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலைவாழ்நர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது; கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இவர்தம் மொழி தமிழே. சாமை விதைத்தும், பலாவும் தேனும் விற்றும் வாழும் இவருள் ஒருவர்க்குத் திடீரென வலிப்புக் கண்டு, அதன்பின் சொற்கள் தடுமாறத் தொடங்கினவென்று கொள்வோம். ஜமுனாமரத்தூரில் முதலுதவி பெறலாமாயினும், மூளையை ஆராய்ந்து சிகிச்சை செய்தற்கு அவர் வேலூர் போன்றதொரு நகரையே நாடுதல் வேண்டும்.

மூளைச் சத்திர சிகிச்சைக்கென இந்தியாவில் முதன்முதலாக ஒரு துறை தோன்றியது அவ்வேலூரிலேதான். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி என்பார் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதனைத் தொடங்கினார். அவர் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். அடுத்த ஆண்டில் டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் இப்பணியைத் தொடங்கினார். பென்ஃபீல்டின் பெயரை ஈண்டு எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. உயிருள்ள மூளையில் சொல்லின் இடத்தைத் தேடி வரைந்தோருள் அவரே முதன்மையானவர்.

அவர்க்கு முன்னர் இவ்வறிவு பெரும்பாலும் இறந்தோரின் மூளையிலிருந்தே பெறப்பட்டது. பாரிஸ் நகரில் ‘டான்’ என்னும் ஓரொலியன்றி வேறொன்றும் சொல்லமாட்டாதிருந்த நோயாளி ஒருவர் 1861இல் இறந்தபின், பால் புரோக்கா என்னும் வைத்தியர் அவர் மூளையைச் சோதித்து, இடப்புறத்து முன்பகுதி சிதைந்திருத்தலைக் கண்டார். பிறர் சொல்வதைப் பொருளுணர்ந்து கேட்டற்குரிய இடம் இடப்புறத்திலேயே சற்றுப் பின்தள்ளி உள்ளதென்று 1874இல் கார்ல் வெர்னிக்கே எழுதினார். வலக்கைப் பழக்கமுடையோர் நூற்றுவரில் ஏறக்குறைய 95 பேர்க்கும், இடக்கைப் பழக்கமுடையோர் நூற்றுவரில் ஏறக்குறைய 70 பேர்க்கும் மொழி பெரிதும் மூளையின் இடப்பாதியைச் சார்ந்ததென்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் இவை பொதுவிதிகளே. ஊருக்கு ஊர் தெருக்கள் வேறுபடுதல் போல ஆளுக்கு ஆள் இவ்விடங்கள் வேறுபடும். கட்டி வளருங்கால் அவற்றை அது நகர்த்தியும் விடும். ஆதலால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப்படம் வேண்டியதாயிற்று.

பென்ஃபீல்டு கையாண்ட முறை வியப்புக்குரியது. மூளை தன்மேற் படும் தொடுகையை வலியாக உணராது. ஆதலின் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, மண்டையோட்டைத் திறந்து, விழித்திருக்கும் நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பர். அப்பொழுதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவர். எவ்விடத்தைத் தொட்டபோது பேச்சு நின்றதோ, அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு தாளொன்றை வைப்பர். அவ்விடத்தைக் கத்தி தீண்டாது. இன்றும் மிகவும் நம்பத்தக்க சோதனை இதுவேயாம். ஆயினும் தலையைத் திறந்த பின்னரே இது செய்யக்கூடும். சிறுவர்க்கும் அச்சமிக்கார்க்கும் அரிது. தலையைத் திறவாமல் அறிதற்கு ஜூன் வாடா என்னும் ஜப்பானிய வைத்தியர் 1949இல் மற்றொரு வழி வெளியிட்டார். கழுத்தின் ஒருபக்கத்து இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, மூளையின் அப்பாதியைச் சிறிது பொழுது உறங்கச் செய்து, பேச்சு நிற்கின்றதா என்று பார்ப்பது அம்முறை. எப்பாதியில் மொழி உள்ளதென்பதை அது காட்டும். எந்த மூலையில் உள்ளதென்பதைக் காட்டாது.

அக்குறையை நிறைக்க வந்ததே செயல்காட்டும் எம்.ஆர்.ஐ. படம். பிராணவாயுவை இழந்த இரத்தமும் அதனை ஏந்திய இரத்தமும் காந்தத்தின்முன் வெவ்வேறாக நடக்கும் என்பதை 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டறிந்தனர். அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளையின் தொழிற்பாட்டைப் படம்பிடிக்கலாமென்று 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடன் உழைத்தோரும் காட்டினர். மனிதரிடத்து இம்முறை 1992இல் கைகூடிற்று. மூளையின் ஓரிடம் உழைக்குங்கால், அவ்விடத்திற்குப் புத்திரத்தம் தேவைக்கும் மிகுதியாகப் பாய்கின்றது. நிலவுலகின் காந்தத்தினும் பல பதினாயிரம் மடங்கு வலிய காந்தத்தினுள் நோயாளியைக் கிடத்தி, அம்மாறுதலை அளப்பர். சிறிது நேரம் வாளா கிடக்கவும், சிறிது நேரம் சொற்களை மனத்துள் நினைக்கவும் பணித்து, இரண்டு நிலைகளையும் பன்முறை ஒப்பிட்டுக் கணக்கிடுவர். மாறுதல் நூற்றில் ஓரிரு பங்கே. அதுவும் சில விநாடிகள் தாழ்த்தே தோன்றும். தலை அசையின் படம் கெடும். ஆதலின் பெரும்பாலும் வாய்திறவாது நினைக்குமாறு சொல்வர்.

ஈண்டு ஒன்றை உன்னித்தல் வேண்டும். இப்படம் காட்டுவது இரத்தத்தின் மாறுதலையே, மொழியை அன்று. ஜவ்வாது மலையிலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூர் வான்காட்சி நிலையத்தார் அம்மீனின் ஒளி மறைவுக்குப் புறம்பாகவும் மங்குதலைப் பதிவு செய்தனர். பிறவிடத்துப் பதிவுகளோடும் சேர்த்து ஆராய்ந்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளமை வெளிப்பட்டது. வளையத்தைக் கண்டாரில்லை, ஒளி குறைந்ததைக் கண்டு வளையத்தை உய்த்துணர்ந்தனர். அங்ஙனமே இரத்தத்தின் மாறுதலைக் கண்டு சொல்லின் இடத்தை உய்த்துணர்கின்றோம்.

உய்த்துணர்தலில் பிழை நேர்தற்கும் இடமுண்டு. கட்டியை அடுத்த பகுதியில் இரத்த ஓட்டத்தின் ஒழுங்கு குலைந்திருப்பின், சொல் அங்கே இருந்தும் படத்தில் நிறம் தோன்றாது போகலாம். நிறம் தோன்றிய இடமெல்லாம் இன்றியமையாதன என்று கொள்ளுதலும் தவறு. பேச்சுக்குத் துணைநிற்கும் இடங்களும் அதில் ஒளிரும். மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளை இப்படம் காட்டாது. நீர் பரவும் திசையைக் கொண்டு அவற்றை வரைதற்கு வேறொரு எம்.ஆர்.ஐ. முறை உண்டு. ஆகவே படத்தைக் கொண்டு வழியை வகுத்துக்கொண்டு, ஐயமுள்ள இடத்தில் பென்ஃபீல்டின் முறைப்படி நோயாளியை விழித்திருக்கச் செய்து சோதித்தலே வைத்தியர் பலர்க்கும் உடன்பாடாம்.

இனி, இவை எல்லாவற்றினும் எளிதாய்த் தோன்றி, பெரும்பாலும் மறக்கப்படுவது ஒன்றுண்டு. நோயாளியை எம்மொழியில் வினவுவது? பொறியினுள் கிடக்கும் அம்மலை உழவரிடம் ஆங்கில எழுத்துக்களைக் காட்டி, அவற்றில் தொடங்கும் சொற்களை நினைக்கச் சொல்லின் என்னாகும்? எழுத்தறியாதார்க்குத் தமிழெழுத்தும் அங்ஙனமே. பனிமனிதனின் படத்தையும் பியானோவின் படத்தையும் காட்டிப் பெயர் கேட்பின், அவர் மயங்குவாரன்றி மொழியால் உழைக்கமாட்டார். மொழி உழையாதவழி இரத்தமும் மாறாது. படம் வெறுமையாய் நிற்கும். அவ்வெறுமையை நம்பிக் கத்தி செல்லுமாயின், இழப்பு அவர்க்கே. அவர்க்கு உரலையும் அரிவாளையும் தேனடையையும் காட்டுக. உலக்கை என்று காதிற் சொல்லி, அதனாற் செய்யும் தொழிலை நினைக்கச் சொல்லுக. குத்துதல் என்றோ இடித்தல் என்றோ அவர் உள்ளம் விடை கூறும். அப்பொழுதே படம் பொருளுடையதாகும். அவர் ஊர்வழக்கில் ஒரு பொருட்குப் பெயர் வேறாயின், அப்பெயரையே முன்னதாகக் கேட்டறிந்து கொள்ளுதல் நலம்.

இரண்டு மொழி வல்லார்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். ஓரிடத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது ஒரு மொழி தடைப்பட மற்றொன்று தடைப்படாதிருந்ததனை ஓஜ்மன், விட்டேக்கர் என்னும் இருவர் 1978இல் எழுதினர். இல்லத்தில் தமிழும் கல்லூரியில் ஆங்கிலமும் வழங்கும் நம் மாணவர் ஒருவர்க்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதனை நடத்தின், தாயோடு பேசும் மொழி காவலின்றி விடப்படும்.

இதுகாறும் கூறியவாற்றால் அறியத்தகுவது யாதெனின், பொறி எத்துணை நுண்ணியதாயினும், அதன் விடை நாம் கேட்கும் வினாவினும் சிறந்ததாகாது என்பதே. நோயாளியின் பேச்சை நன்கறிந்த உறவினர் ஒருவர் உடன்செல்லுதல் பெரும் பயன் தரும். வலிப்பையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் பேயின் செயலென்றெண்ணிக் காலங்கழியாமல் விரைந்து வைத்தியரை நாடுதல் அதனினும் பயன் தரும். மலையூர்களுக்குத் தொண்டின்பொருட்டுச் செல்லும் மாணவர்கள் அங்குள்ளார் வழங்கும் பொருட்பெயர்களையும் வினைச்சொற்களையும் படங்களோடு தொகுத்து வைப்பாராயின், அத்தொகுப்பு ஒருநாள் ஒருவருடைய வாக்கைக் காத்தற்கு உதவக்கூடும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செவிசாய்த்துக் கேட்கும் பொறுமை ஒன்றே அமையும்.