காற்றை ஏவல்கொண்ட ஊர்தி

வேகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது எஞ்சினின் ஆற்றலே. ஆயினும் ஃபார்முலா ஒன் எனப்படும் உலகப் பந்தயக் கார்களின் வளர்ச்சியை உற்று நோக்கின், அவற்றின் வடிவத்தை மாற்றியதில் எஞ்சினைவிடக் காற்றுக்கே பெரும்பங்கு உண்டு என்பது புலனாகும். பகையாகக் கருதப்பட்ட காற்று எவ்வாறு ஏவலாளாக மாறிற்று என்பதையும், அவ்வேவலாளை விதிகளால் கட்டுப்படுத்த நேர்ந்தது ஏன் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் உலகப் பட்டத்திற்கான முதல் பந்தயம் நடைபெற்றது. இத்தாலியரான ஃபரீனா ஆல்ஃபா ரோமியோ காரில் வென்றார். முன்புறம் எஞ்சின், பின்னால் ஓட்டுநர், சுருட்டை ஒத்த நீண்ட உடல் என்பதே அதன் அமைப்பு. எதிர்க்காற்றில் மிதிவண்டி மிதிக்கும்போது நாம் உணரும் தடையைக் குறைப்பதே அவ்வடிவத்தின் நோக்கம். ஓட்டுநர்க்கு இருக்கைப் பட்டையும் இல்லை.

பின்னர்க் கூப்பர் நிறுவனத்தார் எஞ்சினை ஓட்டுநரின் பின்னால் அமைத்தனர். எடை குறைந்தது, திருப்பங்களில் கார் எளிதாக வளைந்தது. 1959, 1960 ஆகிய ஈராண்டுகளிலும் ஜாக் பிரபாம் அவ்வகைக் காரிலேயே உலகப் பட்டம் வென்றார். சில ஆண்டுகளுக்குள் முன்புற எஞ்சின் மறைந்தது. 1962இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் குழாய்ச் சட்டத்தைக் கைவிட்டு, உடற்கூடே சட்டமாகவும் விளங்கும் அமைப்பைப் புகுத்தினார்.

இவை யாவும் காற்றினின்று தப்பும் முயற்சிகளே. ஆனால் திருப்பத்தில் ஒரு கார் எவ்வளவு விரைந்து செல்லலாம் என்பதை டயர் தரையைப் பற்றும் பிடிப்பே முடிவு செய்கிறது. காரைத் தரையோடு அழுத்தும் விசை மிகுந்தால் பிடிப்பும் மிகும். எடையைக் கூட்டினால் அவ்வெடையையும் திருப்பத்தில் சுமக்க வேண்டும். எடையின்றி அழுத்தம் தரவல்லது காற்று. விமானத்தைத் தூக்கும் இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் அது காரைக் கீழே அழுத்தும். 1968இல் ஃபார்முலா ஒன் கார்களில் இத்தகைய இறக்கைகள் முளைத்தன. மெல்லிய கால்களின்மேல் உயர்ந்து நின்ற அவை, 1969இல் ஸ்பெயின் பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களிலும் முறிந்து விபத்தை விளைவித்தன. உயர்ந்த இறக்கைகள் உடனே தடை செய்யப்பட்டன.

சாப்மன் குழுவினர் அதனினும் நுட்பமான வழியைக் கண்டனர். 1978ஆம் ஆண்டின் லோட்டஸ் 79 காரில் அடிப்பகுதியே இறக்கையாயிற்று. தரைக்கும் காருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில் காற்று விரைந்து பாய்கிறது. விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலுள்ள காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. வெளிக்காற்று புகாவண்ணம் பக்கங்களில் தரையை உரசும் மறைப்புகள் காத்தன. மாரியோ ஆண்ட்ரெட்டி அவ்வாண்டின் உலகப் பட்டத்தை வென்றார். எனினும் ஒரு மறைப்பு பழுதுபட்டால் அவ்விசை நொடியில் மறைந்துவிடும். அந்நிலையில் ஓட்டுநரின் திறமை பெரிதும் பயன்படாது. ஆகவே 1983இல் காரின் அடிப்பகுதி தட்டையாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

வேகத்தோடு காப்பும் வளர வேண்டியிருந்தது. 1981இல் மெக்லாரன் நிறுவனத்தார் கார்பன் இழையால் உடற்கூடு செய்தனர். அவ்வாண்டே மோன்ஸா களத்தில் ஜான் வாட்சனின் கார் மோதி உடைந்தும், அவர் காயமின்றி நடந்து வந்தார். ஆயினும் 1994இல் இமோலா களத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கர், அயர்ட்டன் சென்னா ஆகிய இருவர் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே, கார் தரையை மிகவும் நெருங்காதிருக்க அடியில் மரப்பலகை பொருத்தப்பட்டது.

2018இல் ஓட்டுநர் தலையைச் சுற்றி டைட்டானியம் வளையம் கட்டாயமாயிற்று. அழகைக் கெடுக்கிறது என்று பலர் அதனைப் பழித்தனர். 2020இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. தடுப்பின் இரும்பினின்று அவர் தலையைக் காத்தது அவ்வளையமே. 27 நொடிகளில் கைகளில் தீக்காயங்களுடன் அவர் தாமே வெளியேறினார். பழிப்புரைகளும் அன்றோடு அடங்கின.

2022இல் அடிப்பகுதியால் அழுத்தும் முறை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. முன்செல்லும் காரின் இறக்கைகள் கலக்கிய காற்றில் பின்வரும் கார் பிடிப்பிழப்பதைக் குறைப்பதே அதன் நோக்கம். முன்னர் ஆபத்தென விலக்கப்பட்ட அறிவே, தரையை உரசும் மறைப்புகளின்றி, தக்க வரம்புக்குள் மீண்டும் பயன்பட்டது.

பொறியாளர் வேகத்தைத் தேடினர். விதி வகுத்தோர் அதற்கு எல்லை வரைந்தனர். இவ்விருவர் போட்டியிலேயே இன்றைய பந்தயக் கார் உருப்பெற்றது. எல்லையை அறிவின் பகையாகக் கருதுவோர், தீயினின்று எழுந்து வந்த அம்மனிதரை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக!