எந்த ஏரிக்குப் போவது?

ஊரிலிருந்து பழைய சிநேகிதர் வந்திருக்கிறார். புளியோதரை கட்டியாயிற்று, ஃபிளாஸ்க்கில் காபி தயார். ஏதாவது ஏரிக்கரையில் உட்கார்ந்து பழங்கதை பேசலாம் என்று திட்டம். தொம்மலூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம்: எந்த ஏரி?

சிநேகிதர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கியிருந்தால், ஓர் ஏரிக்குள் ஏற்கெனவே கால் வைத்துவிட்டார். அது ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் நிற்குமிடம் சம்பங்கி ஏரி. தொம்மலூரை ஒட்டியிருந்த செல்லகட்டா ஏரியின் படுகையில் இப்போது கோல்ஃப் மைதானம். புல் பசேலென்றுதான் இருக்கிறது. டிபன் கேரியரோடு வருபவர்களுக்கு அங்கே இடமில்லை.

எனவே முதலில் சொக்கநாத சுவாமி கோயில். பெயர் மதுரையை நினைவூட்டினாலும் கருவறையில் இருப்பவர் பெருமாள். வரும் விருந்தாளியை அசத்துவது அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள். தொம்மலூருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் இருந்ததை அவை சொல்கின்றன. ஜலப்பள்ளி என்ற கிராமத்தின் வருமானத்தோடு விண்ணமங்கலம் ஏரியின் வருமானமும் சுவாமிக்கு எழுதிவைக்கப்பட்ட செய்தி ஒன்றில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் நெல், நெல் விளைந்தால் நைவேத்தியம் என்று இருந்த காலம். அந்தப் பெயரை நினைவூட்டும் பின்னமங்களா இந்திராநகர்ப் பக்கம் இன்றும் வழக்கில் இருக்கிறது. கல்லில் எழுதிய ஏரியைத்தான் காணோம்.

பெல்லந்தூருக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால் வீட்டில் முறைக்கிறார்கள். காரணம், செல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக இந்த வட்டாரத்துக் கழிவுநீர் போய்ச் சேர்ந்தது அங்கேதான். 2015-இல் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. 2017-லும் 2018-லும் மறுபடி புகைந்தது. தண்ணீர் எரிவதைப் பார்க்க யாரும் புளியோதரை கட்டுவதில்லை.

மிச்சம் அல்சூர். தொம்மலூரிலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம். கண்டோன்மென்ட் உருவான காலம் தொட்டு தமிழ் கேட்கும் வட்டாரம். அருகிலேயே திருவள்ளுவர். 1991-இல் திறந்திருக்க வேண்டிய அந்தச் சிலை, எதிர்ப்பு காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி முதல்வர் கருணாநிதி வந்து திறந்துவைத்தார். பதிலுக்கு நான்கே நாளில், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சிநேகிதரின் காபி ஆறிவிடுகிறது.

இந்த ஏரியும் தப்பிவிடவில்லை. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் இங்கே செத்து மிதந்தன. பொட்டலத்தைப் பிரிக்கும் முன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்குத் தோதாக இடம் பிடிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். தெரியாமல் தண்ணீருக்குப் பக்கத்தில் போய் உட்காருபவர், ஊரிலிருந்து வந்தவர்.