இரவில் எடுத்த படமும் அதன் புள்ளிகளும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர், வடசென்னை மக்கள் எளிதில் மறக்கவியலாத மாதமாகும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அம்மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் கடற்கரையருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய வேளைகளில் எளிய மக்கள் கையில் மிஞ்சும் சாட்சி கைப்பேசிப் படமே. ஆயின், இரவில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தோன்றுகின்றதே, ஏன்?

ஒளி, துகள்களாக வந்து கேமராவின் உணரியில் விழுகின்றது. ஓரிடத்தில் 10,000 துகள்கள் விழுமாயின், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. இருளில் 100 துகள்களே விழுமாயின், ஏற்ற இறக்கம் 10. அது பத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது. மங்கிய படத்தைக் கைப்பேசி வெளிச்சமாக்கும்போது இந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே பெருகுகின்றது.

இதனைக் குறைக்க ஃபோட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் முதலிய மென்பொருள்கள் உள்ளன. முதலில் படத்தின் நகலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை முழு அளவில் திரையில் பார்த்து, சிவப்பும் நீலமுமான நிறப்புள்ளிகளை முதலில் நீக்குங்கள். வெளிச்சப் புள்ளிகளைச் சிறிதளவே குறையுங்கள். முகச் சுருக்கமும் துணியின் இழையும் மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அசையாத காட்சியாயின் ஒரே இடத்திலிருந்து 4 படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியைக் காண்பது சிறந்த வழி. புள்ளிகள் பாதியாகக் குறையும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். அண்டை இடத்தோடு ஒவ்வாத சிறு புள்ளியைப் பிழையென்றே மென்பொருள் கருதுகின்றது. இலைமேல் படிந்த சாம்பலையும், நீரில் மிதக்கும் மெல்லிய எண்ணெய்க் கோட்டையும் அது துடைத்துவிடக்கூடும். செயற்கை நுண்ணறிவு கொண்ட மென்பொருளோ, தான் முன்பு கற்ற படங்களைக்கொண்டு இல்லாத நுணுக்கத்தையும் வரைந்துவிடலாம். முகம் அழகாயிருக்கும்; ஆனால் அது அம்மனிதரின் முகமாக இராது.

ஆகவே, மெருகேற்றிய நகலை உறவினருக்கு அனுப்புங்கள்; மூலப்படத்தை அமானிதமாகப் பேணுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் முதலிய குறிப்புகளும் நீங்கிவிடும். அதிகாரிகளுக்கு அனுப்புவதாயின் ஆவணக் கோப்பாகவே அனுப்புங்கள். எடுத்த இடத்தையும் நாளையும் தனியே எழுதி வையுங்கள். நாளை ஒருவர் கேட்கும்போது, புள்ளிகள் நிறைந்த அந்த மூலப்படமே உங்களுக்காகப் பேசும்.