நிலவறையில் உருவான வகுப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறை. குடும்பத்தார் டிவி பார்த்துக்கொண்டிருந்த அந்த அறையில் ஒரு பச்சைத் திரை, சில விளக்குகள், ஒரு கேமரா. ஓக்லண்ட் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் பார்பரா ஓக்லி, இவற்றை எப்படி அமைப்பது என்று இணையத்தில் தேடித்தான் கற்றுக்கொண்டார். கேமராவைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய கணவர். மொத்தச் செலவு 5,000 டாலருக்குள். அங்கே பதிவாகி 2014-இல் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் வெளியான 'லேர்னிங் ஹவ் டு லேர்ன்' என்ற அந்தப் படிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

பாடக் காணொளி எடுக்க ஆசைப்படும் ஆசிரியர்கள் பலரும் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றித்தான். பணமில்லை, ஸ்டுடியோ இல்லை என்று பாதியில் கைவிடுபவர்களும் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லாதது.

அதே 2014-இல் ஆய்வாளர்கள் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இன்னொரு இணையக் கல்வித் தளத்தின் நான்கு படிப்புகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 862 காணொளிகள், அவற்றை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் பதிவுகள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்தவர்களில் குறைந்தது பாதிப் பேர் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரும் செலவில் ஸ்டுடியோவில் எடுத்த பாடங்களைவிட, ஆசிரியர் தன் மேசை முன் உட்கார்ந்து நேருக்கு நேர் பேசியவை மாணவர்களை அதிக நேரம் பிடித்துவைத்தன. வகுப்பறையில் ஒரு மணி நேரம் நடந்த விரிவுரையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதும் எடுபடவில்லை. ஆறு நிமிடத்துக்கென்றே யோசித்து எழுதிய பாடம் வேறு, நறுக்கிய பாடம் வேறு.

நிறைய நேரம் பார்த்தார்கள் என்பதாலேயே நன்றாகக் கற்றார்கள் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால், பாடத்தை விட்டு எழுந்து போனவருக்கு எதையும் கற்பிக்க முடியாதே!

இணையத்தில் பாடம் நடத்திப் புகழ்பெற்ற சல்மான் கானின் தொடக்ககாலக் காணொளிகளை இப்போது பார்த்தாலும் விஷயம் புரியும். 2004-இல் தொலைவில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், 2006-இல் யூடியூபில் பாடங்களை ஏற்றினார். கறுப்புப் பின்னணி, வண்ணக் கோடுகள், ஒரு குரல். முகம்கூடத் தெரியாது. சமன்பாட்டின் ஒரு வரி எழுதப்படும்போது அந்த வரிக்கான காரணம் மட்டுமே காதில் விழும். அடுத்த வரி இன்னும் திரைக்கு வந்திருக்காது. முழுக் கணக்கையும் ஒரே ஸ்லைடில் கொட்டிவிட்டு அதை வாசித்துக்காட்டும் பாடத்தில் இந்த நிதானம் வாய்க்காது.

அலங்காரம் சும்மா இருப்பதில்லை, சில நேரம் கெடுக்கவும் செய்யும். உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், ஷானன் ஹார்ப்புடன் சேர்ந்து நடத்திய சோதனைகள் 1998-இல் வெளியாயின. மின்னல் எப்படி உண்டாகிறது என்பதுதான் பாடம். ஒரு குழுவுக்குப் பாடம் மட்டும். இன்னொரு குழுவுக்கு, மின்னல் தாக்கிய மனிதர்களைப் பற்றிய சுவாரசியமான செய்திகளும் படங்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. பிந்தைய குழுவினர் மின்னல் உருவாகும் விதத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். சுவாரசியத் துணுக்குகளைப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்தபோது பாதிப்பு அதிகம். படபடக்கும் முகப்பு அனிமேஷனோடு பாடத்தைத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. படம் கொஞ்சம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார்; விளக்கம் காதில் விழாவிட்டால் மூடிவிடுவார். ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, திரைகளும் துணிகளும் நிறைந்த சிறிய அறையில் பேசினாலே இரைச்சலும் எதிரொலியும் வெகுவாக அடங்கிவிடும்.

ஆசிரியர்களே, கையில் இருக்கும் செல்போன் போதும். மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறும் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆறு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும்படி எழுதி, தேவையற்றதை அடித்துவிட்டு, இரண்டு மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்த பிறகு பதிவு பட்டனை அழுத்துங்கள்.