மணல் துகளும் மாம்பழக் கூழும்

சித்தூர் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்த ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. இன்றும் கடைவீதியில் தமிழ் பேசியே சாமான் வாங்கி வரலாம். ஜூன், ஜூலை மாதங்களில் வேலூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியெல்லாம் மாங்காய் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி தோத்தாபுரி. நாம் கிளிமூக்கு என்கிறோமே, அதுதான். நேரே கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கூழாக்கிச் சூடேற்றி, கிருமி நீக்கி, சுமார் 215 கிலோ பிடிக்கும் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றுகிறார்கள். வெளிநாட்டில் நம் பிள்ளைகள் குடிக்கும் மாம்பழச் சாற்றில் சித்தூர் மண்ணின் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பீப்பாய் ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால் பூச்சிமருந்துப் பரிசோதனையில் தேற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தனியாக வரம்பு குறிக்காத மருந்துகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் ஊரில் நெடுங்காலம் தெளித்துவந்த குளோர்பைரிபாஸுக்கும் 2020 நவம்பரிலிருந்து இதே கடுமையான வரம்புதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 215 கிலோ பீப்பாய் முழுவதிலும் இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு கடுகின் எடைகூட வராது!

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடுகை எப்படிக் கண்டுபிடிப்பது? கூழில் சர்க்கரை இருக்கிறது, புளிப்பு அமிலங்கள் இருக்கின்றன, மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. மருந்தைப் போல லட்சக்கணக்கான மடங்கு அதிகமாக இவை இருக்கின்றன. கோடி ரூபாய்க் கருவியாக இருந்தாலும் கூழை அப்படியே அதற்குள் செலுத்தினால் கருவிதான் கெடும். ஆகவே கருவிக்கு முன்னால் ஒரு வடிகட்டல் வேண்டும். திண்மநிலைப் பிரித்தெடுப்பு என்பது அதுதான். பெயர் பெரிது, பொருளைப் பார்த்தால், அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல். அடியில் அரை கிராம் வெள்ளைப் பொடி. அவ்வளவே.

அந்தப் பொடி சிலிக்கா. வேதியியல்படி மணலுக்குச் சொந்தக்காரன். உள்ளெல்லாம் நுண்துளை. ஒரு கிராமின் உட்பரப்பு ஏறக்குறைய 500 சதுர மீட்டர் வரும். அரை கிராம் பொடியை விரித்தால் ஒரு கிரவுண்டு மனையை மூடிக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் வெறும் சிலிக்காவின் மேலெல்லாம் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை தண்ணீரைத்தான் விரும்பிப் பிடிக்கும்.

பலாப்பழம் நறுக்கும்முன் நம் வீட்டுப் பெண்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், பால் ஒட்டக்கூடாது என்று. சிலேன் சேர்மங்கள் செய்வதும் அதுதான். ஒரு வித்தியாசம்: எண்ணெயைக் கழுவிவிடலாம், சிலேன் வேதிப் பிணைப்பால் நிலையாக ஒட்டிக்கொள்ளும். சிலேனின் ஒரு முனை மணலின் கையைப் பற்றும். மறுமுனையில் நாம் விரும்பும் குணத்தை வைத்துக்கொள்ளலாம். 18 கார்பன் நீளமுள்ள சங்கிலியை வைத்தால் மணல் எண்ணெய்க் குணம் பெறும். சி-18 என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான். அரை லிட்டர் ஏரித் தண்ணீரை அதன் வழியே விட்டால், தண்ணீர் போய்விடும், எண்ணெய்ப் பாங்கான பூச்சிமருந்து பொடியில் தங்கும். பிறகு கொஞ்சம் கரைப்பானால் கழுவி இறக்கி ஒரு மில்லிலிட்டராகச் சுருக்கினால் 500 மடங்கு செறிவு. முதலில் மெத்தனாலும் பின்பு தண்ணீரும் விட்டுப் பொடியை நனைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் காயவிட்டால் மருந்து பிடிபடாமல் ஒழுகிவிடும். இப்படிப்பட்ட தயார்நிலைக் குழலை அமெரிக்காவின் வாட்டர்ஸ் நிறுவனம் 1978-இல் செப்-பாக் என்ற பெயரில் கொண்டுவந்தது.

மாம்பழக் கூழுக்கு வேலை தலைகீழ். இங்கே மருந்தைப் பிடிப்பதில்லை, குப்பையைப் பிடிக்கிறோம். 2003-இல் அனஸ்டாசியாடிஸ், லெஹோட்டே முதலியோர் வெளியிட்ட கெச்சர்ஸ் முறை உலகமெங்கும் பரவியிருக்கிறது. பத்து கிராம் கூழ், பத்து மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல், நான்கு கிராம் மக்னீசியம் சல்பேட், ஒரு கிராம் உப்பு. ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிச் சுழற்றினால் மருந்து மேலே கரைப்பானில் வந்து நிற்கும். அதில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து 25 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. பொடியையும், ஈரத்தை வாங்க இன்னும் கொஞ்சம் மக்னீசியம் சல்பேட்டையும் போடுகிறார்கள். பி.எஸ்.ஏ. என்பதும் சிலேன் பூசிய மணல்தான். இதன் நுனியில் இரண்டு அமீன் தொகுதிகள். அமிலங்களையும் சர்க்கரையில் ஒரு பங்கையும் அவை பிடித்துக்கொள்ளும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அமீனுக்குப் பழத்தின் அமிலம் எது, களைக்கொல்லியின் அமிலம் எது என்று தெரியாது. 2,4-டி போன்ற அமில மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும். மஞ்சள் நிறம் போகட்டும் என்று கார்பன் பொடியைத் தாராளமாகப் போட்டால், தட்டையான மூலக்கூறு கொண்ட தயபெண்டசோல் போன்றவையும் அதில் ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும், பழத்தில் இருக்கும். சரியாகக் கழுவாமல் விட்டாலோ பழத்தின் சொந்தச் சரக்கே மருந்தின் சமிக்ஞையை ஊதிக்காட்டக்கூடும். முதல் தவறு குடிக்கிற குழந்தையைப் பாதிக்கும், இரண்டாவது தவறு விவசாயியை. 2025-இல் தோத்தாபுரி விலை சரிந்து, கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து அதில் 4 ரூபாயை ஆந்திர அரசே கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் சரிவுக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை; ஆனால் இவ்வளவு மெல்லிய லாபத்தில் நிற்கிறவர்கள் ஒரு தப்பான எண்ணைத் தாங்கமாட்டார்கள்.

இதற்குக் காவல், மீட்புச் சோதனை. மருந்தில்லாத கூழில் தெரிந்த அளவு மருந்தை நாமே கலந்து, எல்லாப் படிகளையும் நடத்தி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. ஐரோப்பிய வழிகாட்டு நெறிப்படி சராசரியாக 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் நான் முடிவை விட்டுவிட்டு முதலில் இந்த எண்ணைத்தான் கேட்பேன்.

சித்தூரிலிருந்து மலைப்பக்கம் போனால் திருப்பதி. 2024-இல் லட்டுக்கான நெய்யைப் பற்றி எழுந்த சர்ச்சை நாடறிந்தது. மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வகத்துக்குப் போயின. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் விசாரணைக் குழு அமைத்தது. வழக்குக்குள் நாம் போக வேண்டாம். நெய்யில் தாவர எண்ணெய் கலந்ததா என்று வேதியியல் எப்படிப் பார்க்கிறது என்பதே நமக்கு வேண்டியது. பசு நெய்யிலுள்ள ஸ்டீரால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால். தாவர எண்ணெயில் பீட்டா-சிட்டோஸ்டீரால். காரம் சேர்த்துக் கொழுப்பைச் சோப்பாக்கி, அலுமினாப் பொடி நிரப்பிய குழலில் விட்டால், கொழுப்பு அமிலங்கள் தங்க, ஸ்டீரால் இறங்கிவரும். அதிலும் ஒரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கை இருக்கிறதல்லவா? அது வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். எனவே சிலிக்கான் சேர்மம் ஒன்றைச் சேர்த்து அந்தக் கையை மூடிவிடுகிறார்கள். மணலுக்குச் செய்த அதே உபசாரம் இங்கே நெய்க்கு! கருவியின் வாயிலில் இருக்கும் சிறு கண்ணாடிக் குழாயின் உள்சுவரும் சிலேன் பூசியதுதான். பூச்சு தேய்ந்து கண்ணாடி வெளியே தெரிந்தால் அளவுகள் குறையத் தொடங்கும். அனுபவமுள்ள உதவியாளர் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தச் சில அங்குலக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.