எட்டு நிமிஷமும் பன்னிரண்டு வருஷமும்

காப்பகத்துக்கு நாய் தத்தெடுக்கப் போறவங்க, கூண்டிலிருந்து ஒரு நாயை வெளியே கூட்டி வந்து பார்த்துட்டு முடிவு பண்ண எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்க? அலெக்சாண்ட்ரா புரோட்டோபோபோவா, கிளைவ் வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் இதை உட்கார்ந்து அளந்தாங்க. 2014-ல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி எட்டு நிமிஷம்.

அதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது அடுத்த விஷயம். அந்த நேரத்தில் நாய் செய்ததையெல்லாம் குறித்து வைத்துப் பார்த்தால், முடிவோடு தொடர்பு இருந்தது இரண்டுக்குத்தான். வந்தவர் பக்கத்தில் போய்ப் படுத்ததா? விளையாடக் கூப்பிட்டப்போ கண்டுக்காம இருந்ததா? பக்கத்தில் படுத்த நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம், கண்டுக்காத நாய்க்குக் குறைவு. நல்லபடியாப் பார்த்துக்கிட்டா ஒரு நாய் பன்னிரண்டு வருஷம் நம்ம கூட இருக்கும். அதுக்கும் மேலேயும் இருக்கலாம்.

சரி, அந்த எட்டு நிமிஷத்தில் நாம் பார்ப்பது எந்த நாயை? மைக்கேல் ஹென்னஸியும் கூட்டாளிகளும் 1997-ல் ஒரு காப்பகத்து நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தாங்க. வந்து சேர்ந்த முதல் மூன்று நாளில், வீட்டில் வளரும் நாய்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. சுத்தி நூறு நாய் குரைக்குது, தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லை. பயந்த நாய்களில் சிலது கத்தும், சிலது அப்படியே உறைஞ்சு போய் மூலையில் உட்காரும். நம்ம ஆட்கள் "பாவம், எவ்ளோ சாது" என்று தேர்ந்தெடுப்பது பல நேரம் இந்த இரண்டாவது ரகத்தைத்தான். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரத்தில் பயம் தெளியும், குரலும் வரும். காலை அஞ்சு மணிக்குப் பால்காரரைப் பார்த்துக் குரைக்கும். "அங்கே இப்படி இல்லையே"ன்னு காப்பகத்துக்குப் போன் போகும். யாரும் யாரையும் ஏமாத்தலை. அங்கே பார்த்தது அந்த நாயின் பயத்தை.

அப்போ காப்பகத்துக்காரங்களே குணத்தைச் சோதிச்சுச் சொல்லிடலாமேன்னா, அதுவும் கஷ்டம். கேரி பாட்ரோனெக்கும் ஜானிஸ் பிராட்லியும் 2016-ல் இந்தச் சோதனைகளை அலசி, பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட இதில் பெரிய பலன் இல்லைன்னு எழுதினாங்க. என்னைக் கேட்டால், தினமும் சோறு வைக்கிற ஊழியர்கிட்ட பேசுவது எந்தச் சோதனையையும்விட மேல். வேற வேற நேரத்தில் மூன்று நாலு தடவை போய்ப் பாருங்க. முடிஞ்சா ஒரு நடை கூட்டிட்டுப் போங்க.

இன்னும் நல்ல வழி, முதலில் தற்காலிகமா வளர்ப்பது. 'ஃபாஸ்டர்' என்று கேட்டால் எந்தக் காப்பகத்திலும் புரியும். லிசா கன்டர் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரிரு ராத்திரி ஒரு வீட்டில் தங்கிய நாய்களுக்குக் கார்டிசால் குறைஞ்சது, நல்லா ஓய்வும் எடுத்தது. காப்பகத்துக்குத் திரும்பினதும் கார்டிசால் பழைய அளவுக்கே போச்சு, முன்னைவிட மோசமாகலை. அதனால் "கூட்டி வந்து திருப்பி விட்டால் பாவமாச்சே"ன்னு தயங்க வேண்டியதில்லை. ஓரளவாவது நிஜ நாயைப் பார்க்க இதுதான் வழி.

நாயைப் பத்தி இவ்வளவு யோசிக்கிறவங்க தங்கள் வீட்டைப் பத்தி யோசிக்கிறதில்லை. வாடகை வீடா? குடியிருப்புச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிடுச்சு. ஆனா வீட்டு ஓனரோட ஒப்பந்தம் வேற கதை. முதல்லயே கேட்டு எழுதி வாங்கிடுங்க. இரண்டு பேரும் எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி திரும்புற வீட்டில் குட்டி வேண்டாம், அதுக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் மூத்திரம் வரும். வளர்ந்த நாட்டு நாய் எடுங்க. உயரம் எவ்வளவு, முடி எவ்வளவு கொட்டும் எல்லாம் கண்ணெதிரே இருக்கு. ஆனாலும் எல்லாருக்கும் குட்டிதான் வேணும்!

குட்டின்னா பார்வோ வைரஸைப் பத்தியும் தெரிஞ்சுக்கணும். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய சில நாள் ஆகும். அதனால் காப்பகத்தில் துள்ளி விளையாடிய குட்டி, வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாந்தியும் ரத்தபேதியுமா விழலாம். மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம் தனியா இருக்கட்டும். ஆகஸ்டில் எடுத்த நாய்க்கு சில மாசத்திலேயே தீபாவளி வரும் என்பதையும் கணக்கில் வைங்க. வெடிச் சத்தத்தில் கழுத்துப் பட்டையை உருவிக்கிட்டு ஓடும் புது நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்க: ஒத்து வரலைன்னா திரும்ப எடுத்துப்பீங்களா? கேட்கக் கூச்சமா இருக்கும், கேட்டுடுங்க. கேட்காதவங்களில் சிலர்தான் பிறகு ராத்திரியில் வேற தெருவில் இறக்கி விட்டுட்டு வர்றாங்க. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சோத்துக்குப் பழகிய நாயை அந்தத் தெரு நாய்கள் உள்ளே விடாது.